ஆச்சிக்கு ஒரு படப் புத்தகம்

பிழைப்பின் பொருட்டும் உத்தியோகத்தின் பொருட்டும் தமிழகம் விட்டு வந்து, மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் நாக்பூரிலும் குடியமர்ந்துள்ள நம்மவர் இல்லங்களில், ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு காட்சி நிகழக் காண்கிறோம். ஊரிலிருக்கும் பாட்டியார் செல்பேசித் திரையில் தோன்றுகிறார். குழந்தையை அழைத்து வந்து எதிரே நிறுத்துகிறோம். “சாப்பிட்டியா?” என்று அவர் கேட்கிறார். “சாப்பிட்டேன்” என்று விடை வருகிறது. “நல்லாப் படிக்கியா?” “படிக்கிறேன்.” இதன்பின் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி இருக்கின்றனர். சற்றைக்கெல்லாம் குழந்தை தாயின் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது. தாயார் செல்பேசியைத் தம் கையில் வாங்கிக்கொள்கிறார். அந்த வாரத்து உறவு அத்துடன் முடிவடைகிறது.

இருவருக்கும் அன்பு இல்லையென்று யாரும் சொல்லார். பேசுவதற்குப் பொருள்தான் இல்லை. குழந்தையின் பள்ளியும் தோழரும் விளையாட்டும் இந்தியிலோ மராத்தியிலோ வங்காளத்திலோ நடைபெறுகின்றன. பாட்டியாரின் உலகமோ ஓர் ஊர், ஒரு தெரு, ஓர் அடுக்களை என்னும் அளவினது. அவ்வுலகுக்குரிய சொற்கள் குழந்தையின் செவியில் விழுந்ததே இல்லை. கோடை விடுமுறையில் இருபது நாள் ஊருக்குப் போய் வருவதால் மட்டும் இக்குறை தீர்ந்துவிடாது. அந்த இருபது நாளும் கோயிலுக்கும் கலியாணத்துக்கும் துணிக்கடைக்குமாகக் கழிந்துவிடுவதை நாம் அனைவரும் அறிவோம்.

இதற்கு ஓர் எளிய வழியாக, வீட்டிலேயே கையால் செய்த படப் புத்தகம் ஒன்றைத் தொலைவிலிருக்கும் உறவினருக்கு அனுப்பும் வழக்கத்தை நம் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். குழந்தையின் பெயரைச் சொன்னால் அதை ஒரு கதையில் பொருத்தி, பளபளப்பான தாளில் அச்சிட்டுத் தரும் நிறுவனங்கள் இப்பொழுது பல உண்டு. அவற்றைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆனால் பெயரை மட்டும் மாற்றினால் யார் வீட்டுக்கும் பொருந்தும் புத்தகம் உண்மையில் எவர் வீட்டுக்கும் உரியதன்று. நாம் கூறும் புத்தகத்தில் உள்ளது அந்த ஒரு வீட்டாருக்கு மட்டுமே தெரியும்.

படமும் சொல்லும் சேர்ந்த குழந்தைப் புத்தகத்தின் வரலாற்றைத் தேடிப் போனால், நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் போன ஒருவரையே முதலில் சந்திக்கிறோம். கொமேனியஸ் என்னும் பேராசிரியர் இன்றைய செக் நாட்டைச் சேர்ந்த மொராவியாவில் பிறந்தவர். சமயப் பூசல் காரணமாக 1628இல் தாயகம் விட்டு வெளியேறி, போலந்து, ஹங்கேரி என்று பல நாடுகளில் வாழ்ந்தவர். 1658இல் ஜெர்மனியின் நூரம்பர்க் நகரில் அச்சான அவருடைய ‘படங்களில் உலகம்’ என்னும் நூல், குழந்தைகளுக்கென்று செய்த முதற் படப் புத்தகங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. அது இருமொழி நூல் என்பது நாம் கவனிக்கத்தக்கது. சமையலறை, தச்சன் பட்டறை, தோட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் படம் அமைத்து, படத்திலுள்ள பொருள்களுக்கு எண் இட்டு, அதே எண்ணைக் கீழேயுள்ள லத்தீன் சொல்லுக்கும் ஜெர்மன் சொல்லுக்கும் இட்டிருந்தார். மூன்றரை நூற்றாண்டு கடந்தும் அந்த உபாயம் பழையதாகவில்லை. அதனை நாமும் பயன்படுத்தப் போகிறோம்.

ஒரே ஒரு குழந்தைக்கென்று கையால் செய்தவற்றுள் இங்கிலாந்தின் பீட்ரிக்ஸ் பாட்டர் அம்மையார் 1893 செப்டம்பரில் எழுதிய கடிதம் புகழ் வாய்ந்தது. தமக்கு முன்பு ஆசிரியையாக இருந்தவரின் ஐந்து வயது மகன் நோய்ப்பட்டுப் படுத்திருந்தான். அவனுக்கு எழுதத் தொடங்கியவர், எழுதுவதற்குச் செய்தி ஒன்றும் தோன்றாமல், நான்கு முயற்குட்டிகளின் கதையைப் படம் படமாக வரைந்து அனுப்பினார். சிறுவன் அக்கடிதத்தைப் பல ஆண்டு பத்திரமாக வைத்திருந்தமையால், பின்னர் அவனிடமிருந்தே அதை இரவல் வாங்கி விரிவாக்கி, 1901இல் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார்; அடுத்த ஆண்டு ஒரு பதிப்பகம் அதை வெளியிட்டது. உலகெங்கும் குழந்தைகள் அறிந்த பீட்டர் முயலின் பிறப்பு இவ்வாறானது. நம் நாட்டில் ஜவாஹர்லால் நேரு 1928ஆம் ஆண்டுக் கோடையில் முசூரியில் இருந்த பத்து வயது மகள் இந்திராவுக்கு அலகாபாத்திலிருந்து எழுதிய கடிதங்களை அறியாதார் இலர். அவை மறு ஆண்டே நூலாகி, பிரேம்சந்தின் கையால் இந்தியிலும் வந்தன.

இவற்றைவிட நம் நெஞ்சைத் தொட்டது வேறொன்று. பெட்ரிச் ஃப்ரிட்டா என்னும் யூத ஓவியர் இரண்டாம் உலகப் போரின்போது மனைவியுடனும் கைக்குழந்தையுடனும் டெரெசின் முகாமில் நாஜிகளால் அடைக்கப்பட்டார். மகனுடைய மூன்றாம் பிறந்த நாளுக்கென்று, 1944 ஜனவரி 22ஆம் நாளுக்கு, அவர் ஒரு படப் புத்தகம் வரைந்தார். முகாம் மதிலுக்கு வெளியேயுள்ள உலகம் இப்படியிருக்கும் என்றும், நீ வளர்ந்து என்னவாகப் போகிறாய் என்றும் விளையாட்டாக வினவும் வண்ணப் படங்கள் அதில் இருந்தன. அவ்வாண்டிலேயே அவர் ஆஷ்விட்ஸில் மாண்டார். மறைத்து வைத்திருந்த அப்புத்தகம் போருக்குப் பின் மீட்கப்பட்டது, மகனும் பிழைத்திருந்தான். தகப்பனின் முகத்தை நினைவில் வைத்திருக்கும் வயது அப்பிள்ளைக்கு இல்லை. தகப்பனின் கோடுகளோ அவனிடம் இருந்தன.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். மும்பையில் நாம் அறிந்த குடும்பம் ஒன்று உண்டு. தாமிரபரணிக் கரையில் ஒரு சிற்றூர் அவர்களுடையது. குழந்தைகளின் அப்பாவைப் பெற்ற ஆச்சி அங்கே தனியே இருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாதவர். பேத்திக்கு ஏழு வயது, அவள் அண்ணனுக்குப் பத்து. ஆச்சியின் பிறந்த நாள் எது என்று ஆச்சிக்கே தெரியாதாகையால், பொங்கலுக்கென்று ஒரு படப் புத்தகம் செய்து அனுப்புவதாகப் பேத்தி தீர்மானித்தாள். பேத்தியின் ஒரு நாள் என்பதே பொருள். காலையில் எழுவது முதல் இரவில் உறங்குவது வரை, பக்கத்துக்கு ஒரு படம்.

முதற் பக்கத்திலேயே வீட்டில் கருத்து வேறுபாடு உண்டாயிற்று. தகப்பனார் ஜன்னல் வழியே தெரியும் உயர்ந்த கட்டடங்களை வரையச் சொன்னார். பேத்தியோ தாங்கள் வசிக்கும் ஒற்றை அறையை வரைந்தாள். சுருட்டி வைத்த பாய்கள், நீல நிறத் தண்ணீர்ப் பீப்பாய், அடுப்பு மேடை, அதை ஒட்டிய குளிக்கும் இடம், மேலே அண்ணன் படுக்கும் பரண் ஆகிய யாவும் அதில் இருந்தன. “ஆச்சி பார்த்தால் மனசு கஷ்டப்படுவாக, இதைப் போடாதே” என்றார் தாயார். பேத்தி விடவில்லை. படத்தில் எல்லாம் எண்ணிட்டுக் கீழே பெயரும் எழுதிவிட்டாள்.

புத்தகம் ஊர் சேர்ந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆச்சி தாமே அழைத்தார். நலம் விசாரித்து முடித்த பின் அவர் முதலில் கேட்டது இதுதான்: “ஏட்டி, அந்தப் பரண்ல உங்க அண்ணன் படுக்கான்லா, உருண்டு விழுந்துர மாட்டானா?” பத்தாண்டாக அவர்களிடமிருந்து அவருக்குப் புகைப்படங்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. இந்தியாவின் நுழைவாயிலுக்கு எதிரே குடும்பத்தார் நின்ற படம், கடற்கரைப் படம், பிறந்தநாள் கேக் வெட்டிய படம் என்று எல்லாம் வாசலறைச் சுவரில் மாட்டியிருந்தன. அவற்றைப் பார்த்து ஆச்சி ஒரு கேள்வியும் கேட்டதில்லை. கேட்பதற்கு அவற்றில் ஒன்றுமில்லை. அந்த வாரமே தகப்பனார் பரணுக்குக் குறுக்கே ஒரு பலகை அடித்தார். அதுவும் படமாக வரையப்பட்டு ஆச்சிக்குப் போயிற்று.

ஊருக்கு அனுப்பும் செய்தியில் நம் சிரமங்களை மறைப்பது நம்மவரின் இயல்பாகிவிட்டது. பெரியவர்கள் கவலைப்படலாகாது என்னும் நல்லெண்ணமே அதற்குக் காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் மகன் குடும்பம் எங்கே உறங்குகிறது, தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, பேத்திக்குப் பக்கத்து இருக்கையில் அமரும் பெண் யார் என்பதையெல்லாம் அறியாத ஆச்சி, கவலையற்று இருக்கிறார் என்று நினைப்பது பேதைமை. அறியாதவர் ஆயிரம் கற்பனை செய்வார். குழந்தை வரைந்த ஒற்றை அறை அவற்றையெல்லாம் போக்கி, கவலைப்பட வேண்டியது பரண் ஒன்றுதான் என்று காட்டிவிடுகிறது. ஆதலால் புத்தகத்தில் எதை வரைவது என்று கேட்போருக்கு நாம் சொல்வது, புகைப்படத்தில் வராததை வரையுங்கள் என்பதே. மின்சார ரயிலில் அப்பா தொங்கிக்கொண்டு போவது, மதிய உணவுப் பெட்டியில் இருப்பது, மாடிப்படியில் படுத்திருக்கும் நாய், மழைக்காலத்தில் வாசல் வரை வரும் தண்ணீர் ஆகியவற்றுள் எதுவும் சிறிதன்று.

பெரியோர்கள் படத்தைத் திருத்த வேண்டா. குழந்தையின் கோட்டின்மேல் நம் பென்சில் படுமாயின் அது நம் புத்தகமாகிவிடும். சொல்லை எழுதித் தருவது, காகிதம் வெட்டுவது, ஊசி கோப்பது ஆகியவற்றோடு நம் பணி முடிந்தது. குழந்தைக்குத் தமிழ் எழுதத் தெரியாவிட்டால் நாம் மெல்லிய பென்சிலால் எழுதிக்கொடுத்து அதன்மேல் அவர்களை மை ஓட்டச் செய்யலாம். இருபது சொற்களை இவ்வாறு எழுதிய கை, இருபத்தோராவது சொல்லைத் தானே எழுதிப் பார்க்க விரும்புவதைக் கண்டிருக்கிறோம்.

எந்தத் தமிழில் எழுதுவது என்பது அடுத்த கேள்வி. இலக்கணத் தமிழில் இக்கட்டுரையை எழுதும் நாமே சொல்கிறோம்: படப் புத்தகத்தில் வீட்டுப் பேச்சுக்கே முதலிடம். நம் குழந்தைகள் வார இறுதி வகுப்புகளில் பயிலும் பாடநூல் ‘முறம்’ என்கிறது. மேற்சொன்ன ஆச்சிக்கு அது ‘சுளகு’. பாடநூலுக்கு ‘துடைப்பம்’, ஆச்சிக்கு ‘வாரியல்’. கொங்கு நாட்டாருக்கும் தஞ்சைத் தரணியாருக்கும் இவ்வாறே தத்தம் சொற்கள் உண்டு. அம்மாயி, அப்பத்தா, அம்மாச்சி, ஆத்தா என்று பாட்டியையே எத்தனை விதமாக அழைக்கிறோம்! பாடநூற் சொல் எப்படியும் அச்சில் நிலைத்திருக்கும். வீட்டுச் சொல்லைக் காப்பதற்கு அந்த வீட்டாரையன்றி வேறு யாரும் இல்லை. இரண்டையும் அடுத்தடுத்து எழுதுவது எல்லாவற்றினும் நன்று.

மும்பைக் குடும்பத்தின் இரண்டாவது புத்தகம் இவ்வாறு உருவானதே. முதற் புத்தகம் இங்கிருந்து அங்கே போயிற்று; இரண்டாவதில் ஆச்சியின் வீடு இங்கே வர வேண்டும் என்று பேத்தி விரும்பினாள். ஆச்சிக்கு எழுதத் தெரியாதே என்று தயங்கியபோது, ஆச்சி சொல்லட்டும், நாம் வரைவோம் என்று வழி கண்டனர். உயிரெழுத்து பன்னிரண்டு, ஞாயிற்றுக்கு ஓர் எழுத்து. ஆச்சி தம் வீட்டிலிருந்து ஒரு பொருளைச் சொல்ல வேண்டும். ‘அ’வுக்கு அடுக்களை வந்தது. ‘ஆ’வுக்கு ஆச்சியே வந்தார். இட்டிலிக் கொப்பரை, தென்னை ஈர்க்கு, உரல், ஊறுகாய் ஜாடி ஆகியவை முறையே வந்தன. ‘எ’வுக்கு எப்பொழுதோ விற்றுவிட்ட எருமை வந்தது, அது விற்கப்பட்ட கதையைக் கேட்க அந்த ஞாயிறு முழுவதும் போதவில்லை. மச்சுக்கு ஏறும் ஏணி ‘ஏ’. ‘ஐ’க்கு ஆச்சி சற்று யோசித்து, ஊருக்கு வரும் ஐந்து மணிப் பேருந்தைச் சொன்னார். ஒட்டடைக் கம்பு, கருப்பட்டி வைக்கும் ஓலைக் கொட்டான் என்று போய், ‘ஔ’வில் வழக்கம்போல் ஔவையார் வந்து நின்றார். அந்த எழுத்துக்கு அவரை விட்டால் தமிழ்நாட்டில் வேறு யார் வருவார்?

அடுக்களைப் படத்துக்குள் சுளகையும் வரைய நேர்ந்தபோது, அதைக் கண்டறியாத பேத்தி வட்டமான ஒரு தட்டை வரைந்து திரையில் காட்டினாள். “ஏட்டி, அது சுளகா? தோசைச் சட்டில்லா இருக்கு!” என்று ஆச்சி சிரித்தார். பின் எழுந்து போய்ச் சுளகையே எடுத்து வந்து, ஒரு பிடி அரிசி போட்டுப் புடைத்துக் காட்டினார். உமி முன்னே பறக்க அரிசி பின்னே தங்குவதைப் பேத்தி இமைக்காமல் பார்த்தாள். ஒரு முனை அகன்று, மறு முனை வளைந்து எழும்பியிருப்பது எதற்காக என்று அவளுக்கு அன்று விளங்கிற்று. அச்சொல்லை அவள் இனி மறவாள் என்று நாம் துணிந்து கூறுவோம்.

செய்யும் முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறோம். ஏனெனில் ஆர்வத்தோடு தொடங்கிப் பக்கங்கள் தாறுமாறாகிக் கைவிட்டவர் பலர். சாதாரண ஏ-4 தாள் 21 சென்டிமீட்டர் அகலமும் 29.7 சென்டிமீட்டர் நீளமும் உடையது. அதைக் குறுக்கே இரண்டாக மடித்தால் கைக்கு அடக்கமான புத்தக அளவு கிடைக்கும். நான்கு தாள்களை மடித்து ஒன்றினுள் ஒன்று செருகினால் பதினாறு பக்கம். முன்னால் இரண்டும் பின்னால் இரண்டும் பெயருக்கும் நாளுக்கும் ஒதுக்கினால், நடுவே எஞ்சுவது சரியாகப் பன்னிரண்டு. உயிரெழுத்துகளுக்கென்றே அளந்தாற்போல் அமைந்திருக்கிறது! நடு விரிப்பைத் தவிர, தொடர்ச்சியான பக்கங்கள் தாளின் ஒரே முகத்தில் அடுத்தடுத்து வாரா என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். ஒரு தாளின் ஒரே முகத்தில் அமையும் இரண்டு பக்க எண்களைக் கூட்டினால் எப்பொழுதும் பதினேழு வரும்: 16உம் 1உம், 2உம் 15உம், இவ்வாறே நடுத்தாளில் 8உம் 9உம். வீணான தாளில் சிறியதொரு மாதிரி செய்து எண்ணிட்டுப் பார்த்துக்கொண்டால் பிறகு குழப்பமில்லை.

தாள் சற்றுக் கனமாக இருத்தல் நலம். மெல்லிய தாளில் ஒருபக்க மை மறுபக்கம் தெரியும். கடையில் விற்கும் பெரிய சார்ட் தாளை வெட்டிப் பயன்படுத்துவோர் அதன் நார் ஓடும் திசையை அறிய வேண்டும். தாளை இருபுறமாகவும் மெல்ல வளைத்துப் பார்த்தால், ஒரு பக்கம் எளிதில் வளையும், மறு பக்கம் முரண்டும். எளிதில் வளையும் திசையிலேயே மடிப்பு அமையுமாறு வெட்டினால் மடிப்பு வெடிக்காது, பக்கமும் படுத்துக் கிடக்கும்.

தைப்பதற்கு மூன்று துளை போதும். தாள்களை விரித்து வைத்து, மடிப்பின் நடுவில் ஒன்றும் இரு ஓரங்களிலிருந்து மூன்று சென்டிமீட்டர் தள்ளி ஒவ்வொன்றும் கோணி ஊசியால் குத்திக்கொள்ளலாம். கெட்டியான நூலை மெழுகுவத்தியில் இருமுறை இழுத்தால் நழுவாது, சிக்காது. உட்புறத்திலிருந்து நடுத் துளையில் ஊசியை விட்டு வெளியே எடுத்து, மேல் துளை வழியாக உள்ளே வந்து, நடுத் துளையைத் தொடாமல் நேரே கீழ்த் துளைக்குப் போய் வெளியேறி, மீண்டும் நடுத் துளையால் உள்ளே வர வேண்டும். இப்பொழுது நூலின் இரு முனைகளும் உள்ளே இருக்கும். இடையே ஓடும் நீள நூலை நடுவில் வைத்து முடிச்சிட்டால் வேலை தீர்ந்தது. தையலுக்கு அஞ்சுவோர் நீண்ட தாளை விசிறிபோல் மடித்தும் செய்யலாம். ஒடிசாவின் ஓவியர்கள் பனையோலைத் துண்டுகளை நூலால் இணைத்து, மடித்து விரிக்கும் வகையில் படச் சுவடிகள் செய்வதைப் புரி ஜகந்நாதரைத் தரிசித்தவர்கள் கண்டிருப்பர். படுக்கையில் இருப்போருக்கு இந்த வகை ஏற்றது. விரித்து எதிரே நிறுத்திவிடலாம்.

அட்டை ஒட்டப் பசை வீட்டிலேயே காய்ச்சிக்கொள்ளலாம். ஒரு பங்கு மைதா மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர் விட்டுக் கட்டியின்றிக் கரைத்து, சிறு தீயில் கிளறி, கண்ணாடிபோல் வரும்போது இறக்கினால் போதும். புத்தகம் கட்டும் தொழிலாளர் பூச்சி அரிக்காதிருக்க இதில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சு, குழந்தைகள் கைபடும் புத்தகத்துக்கு ஒருக்காலும் ஆகாது. பசையை மெல்லியதாகப் பூசி, கனமான பொருளின் கீழ் வைத்து இரண்டு நாள் நன்றாக உலர்த்தினாலே போதிய பாதுகாப்பு உண்டு. உலர்ந்த வேப்பிலை இரண்டை உள்ளே வைக்கும் நம் பெரியோர் வழக்கத்தையும் கைவிட வேண்டுவதில்லை.

வண்ணங்களில் ஸ்கெட்ச் பேனா கவர்ச்சியாக இருக்கும். ஆனால் வெயில் பட்டால் வெளுத்து, ஈரம் பட்டால் பரவிவிடும். வண்ணப் பென்சில் மங்கலாகத் தோன்றினும் உழைக்கும். கிரேயான் என்னும் மெழுகுக் குச்சி எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுமாதலால் இடையே ஒரு மெல்லிய தாள் வைக்க வேண்டும். பெறுபவர் முதியவராயின் எழுத்து ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறையாமல், கறுப்பு மையில் இருக்கட்டும். பாதுகாப்பென்று எண்ணிப் பக்கங்களுக்குப் பளபளக்கும் பிளாஸ்டிக் உறை போடுவோர் உண்டு. விளக்கொளி அதில் பட்டுக் கூசுவதால், கண்ணில் புரை விழுந்தோர்க்குப் படமே தெரியாது போகும். இது நாம் பல வீடுகளில் கண்டது.

பாட்டிக்கும் பேரப் பிள்ளைகளுக்கும் இடையே மட்டும் இது நிகழ வேண்டும் என்பதில்லை. தகப்பனார் துபாயிலோ மஸ்கட்டிலோ வேலை செய்ய, தாயும் பிள்ளைகளும் இங்கே இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. எல்லைக் காவலில் இருப்போரும் கப்பலில் பணிபுரிவோரும் உண்டு. அவர்களுக்குப் புத்தகம் சட்டைப் பையில் அடங்குமளவு சிறியதாக இருத்தல் வேண்டும். பல பேர் சேர்ந்து தங்கும் அறையில் பெரிய புத்தகத்தை விரித்து வைக்க இடம் இராது. குழந்தையின் கை அளவைத் தாளில் வைத்துக் கோடிட்டு, நாளைக் குறித்து, ஒவ்வோர் ஆண்டும் ஒரு பக்கம் சேர்த்து அனுப்பினால், இரண்டாண்டுக்கு ஒருமுறை வருவோர்க்கு அதைவிடப் பெரிய செய்தி இல்லை.

தபாலில் சேர்க்கும்போது ஈரம் புகாத உறையில் இட்டு, இருபுறமும் அட்டை வைத்துக் கட்டுவது அவசியம். மும்பையில் ஆனி, ஆடி மழை. தாமிரபரணிக் கரையில் ஐப்பசி, கார்த்திகை மழை. தீபாவளிக்கு அனுப்புவது மழையில் நனையாமல் போய்ச் சேராது. பழைய பதிவுத் தபால் 2025ஆம் ஆண்டில் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டமையால், பொருள் எங்கே போகிறது என்று எண்ணைக் கொண்டு பார்த்துக்கொள்ள விரும்புவோர் விரைவுத் தபாலையே நாட வேண்டும். ஆறிலக்க அஞ்சல் எண்ணையும், அண்டை வீட்டார் ஒருவரின் செல்பேசி எண்ணையும் மேலே எழுதுக. பண்டிகைக்குப் பத்து நாள் முன்னதாகவே அனுப்பிவிடுவது நலம்.

இன்னும் ஒன்று உண்டு. மும்பைப் பேத்தி தன் முதற் புத்தகத்தின் கடைசித் தாளைத் தைக்காமல் வெறுந்தாளாகச் செருகி வைத்து, “ஆச்சி, நீங்க வரைங்க” என்று அதன் தலைப்பில் எழுதியிருந்தாள். ஆச்சிக்குப் படம் வரையத் தெரியாது என்று வீட்டார் அதைப் பொருட்படுத்தவில்லை. மாசி மாதத்தில் தாள் திரும்பி வந்தது. பென்சிலால் வரிசை தப்பாமல் புள்ளி வைத்து, ஒரே இழையாகச் சுழித்துச் சென்ற சிக்குக் கோலம் தாள் நிறைய இருந்தது. எழுபது ஆண்டாக வாசலில் இட்டு நாள்தோறும் காலடியில் அழிந்துபோன கோலங்களுள் காகிதத்தில் ஏறியது அதுவே முதல். பேத்தி அதன் புள்ளிகளை எண்ணி, இழை எங்கே தொடங்கியது என்று தேடி, இரண்டு நாள் விரலால் தடவிக்கொண்டிருந்தாள். ஆகவே புத்தகம் அனுப்பும் அன்பர்கள் ஒரு வெறுந்தாளையும், நுனி சீவிய பென்சில் ஒன்றையும், தங்கள் முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறை ஒன்றையும் உடன் வைத்து அனுப்புவார்களாக.